கருடன் வந்தாச்சு... கேமரா ரெடியா?

கும்பாபிஷேகத்துக்குப் போனவர்களுக்குத் தெரியும். யாகசாலையிலிருந்து குடங்கள் புறப்பட்டு விமானத்தின் மேல் ஏறிவிட்டிருக்கும். மேளச்சத்தம் உச்சத்தில் இருக்கும். ஆனால், கூட்டத்தில் பாதிப் பேர் கலசத்தைப் பார்க்க மாட்டார்கள். வானத்தைப் பார்ப்பார்கள். "அதோ... கருடன் வந்தாச்சு!" என்று யாரோ ஒருவர் கை நீட்டுவார். அடுத்த நொடி நூற்றுக்கணக்கான கைகள் மேலே போகும். முன்பெல்லாம் கும்பிடுவதற்காக. இப்போது பாதிக் கைகளில் செல்போன்!

வீட்டுக்கு வந்து படத்தைத் திறந்தால் வெள்ளை வானம், நடுவில் மிளகு அளவுக்கு ஒரு கறுப்புப் புள்ளி. "இதான் கருடன்" என்று பாட்டியிடம் காட்டினால், "கண்ணாடியில தூசி இருக்கு, துடைச்சுட்டுக் காட்டு" என்பார்.

கருடனைப் படம் எடுக்க ஆசைப்படுவதற்கு விருதுநகர் மாவட்டத்துக்காரர்களுக்குக் கூடுதல் உரிமை உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் சன்னதியில் ஆண்டாள், ரங்கமன்னாரோடு கருடாழ்வாரும் அருகிலேயே நிற்கிறார். பெருமாளுக்கு எதிரே கைகூப்பி நிற்பதுதான் மற்ற கோயில்களில் அவருக்கு வழக்கம். இங்கே மாப்பிள்ளையைக் கல்யாணத்துக்குச் சுமந்து வந்தவர் என்பதால் மணமக்களுக்குப் பக்கத்திலேயே இடம் என்று ஊரில் சொல்வார்கள். பெரியாழ்வாரையே கருடனின் அம்சமாகக் கொண்டாடும் ஊர் அது.

சரி, அந்தக் கறுப்புப் புள்ளியை எப்படிப் பறவையாக மாற்றுவது? இந்த வாரம் அதைப் பார்க்கலாம்.

ஏன் புள்ளியாகிறது?

கணக்கு எளிது. செல்போனின் சாதாரண லென்ஸ் 100 மீட்டர் தூரத்தில் சுமார் 150 மீட்டர் அகலக் காட்சியை ஒரே படத்துக்குள் அடக்குகிறது. கருடனின் இறக்கை விரிப்பு ஒரு மீட்டரைக் கொஞ்சம் தாண்டும். 150 மீட்டர் படத்தில் ஒரு மீட்டர் பறவை என்றால், நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. 12 மெகாபிக்சல் படத்தில் அந்தப் பறவைக்குக் கிடைப்பது குறுக்காக 30 பிக்சல்கூட இல்லை. அதை எவ்வளவு பெரிதாக்கினாலும் கட்டம் கட்டமாகத்தான் தெரியும்.

இப்போது வரும் சில போன்களில் 5 மடங்கு நெருக்கிக் காட்டும் தனி லென்ஸ் இருக்கிறது. அதில் எடுத்தால் அதே பறவை 150 பிக்சல் அளவுக்கு வரும். கருடன் என்று அடையாளம் சொல்லிவிடலாம். 400 மில்லிமீட்டர் லென்ஸ் பூட்டிய கேமரா என்றால் அதே 100 மீட்டரில் 9 மீட்டர் அகலம்தான் தெரியும். படத்தின் அகலத்தில் எட்டில் ஒரு பங்கைப் பறவை நிரப்பும். கழுத்து இறகு, அலகின் வளைவு எல்லாம் பிடிபடும்.

ஆகவே முதல் பாடம்: பெரிய கேமரா வாங்குவதற்கு முன்னால் பறவை நமக்குப் பக்கத்தில் வரும் இடத்தையும் நேரத்தையும் கண்டுபிடிக்க வேண்டும். தூரம் பாதியானால் படத்தில் பறவை இரண்டு மடங்காகும். அதற்குக் காசு செலவில்லை.

வெயில்தான் மூலதனம்

மழை குறைவு, காற்றில் ஈரம் குறைவு, வெயில் அதிகம். 1920-களில் தீப்பெட்டித் தொழில் சிவகாசியில் வேர்விட்டதற்கும், பிறகு பட்டாசும் அச்சுத் தொழிலும் அங்கே பெருகியதற்கும் இந்த வறண்ட வானிலை கைகொடுத்தது. குச்சியும் காகிதமும் மருந்தும் காய வேண்டுமே!

அதே வெயில்தான் பருந்துகளுக்கும் மூலதனம். கரிசல் மண்ணும் பாறையும் தார்ச்சாலையும் காலை வெயிலில் சூடேறும்போது, அவற்றின் மேலிருக்கும் காற்றும் சூடாகி மேலே எழுகிறது. அந்தக் காற்றுத் தூணுக்குள் நுழைந்து, இறக்கையை விரித்துவைத்து வட்டமடித்தால் போதும். ஒருமுறைகூடச் சிறகடிக்காமல் பருந்து மேலே மேலே போய்விடும். லிஃப்ட் மாதிரி!

ஒன்பது, பத்து மணிவாக்கில் இந்த லிஃப்ட் நன்றாக வேலை செய்யத் தொடங்கும். பல ஊர்களில் கும்பாபிஷேக முகூர்த்தமும் அந்த நேரத்தில்தான் அமைகிறது. நம்பிக்கை நம்பிக்கையாகவே இருக்கட்டும். வானத்தில் கருடன் ஏறும் வேளையும் அதுதான் என்பது படம் எடுப்பவர் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி.

ஆனால், அதே வெயில் படத்துக்கு எதிரி. நடுப்பகலில் சாத்தூர் பக்கம் நெடுஞ்சாலையைப் பார்த்தால் தூரத்தில் தண்ணீர் அலைவதுபோல் தெரியுமே, அந்தக் கானல் அலை லென்ஸுக்கும் பறவைக்கும் நடுவிலும் ஓடுகிறது. லட்ச ரூபாய் லென்ஸில் எடுத்தாலும் படம் கலங்கித்தான் வரும். லென்ஸைக் குறை சொல்லிப் பயனில்லை. காலை ஆறரையிலிருந்து ஒன்பது மணி வரை, மாலை நான்கரைக்குப் பிறகு... இந்த இரண்டு வேளைதான் நல்ல வேளை. அப்போது பறவைகள் தாழவும் பறக்கும். ஒளியும் சாய்ந்து விழும்.

யார் யார் பறக்கிறார்கள்?

மேலே வட்டமடிப்பதெல்லாம் கருடன் இல்லை. எல்லாம் கழுகும் இல்லை. பிணம் தின்னும் கழுகுக்குப் 'பாறு' என்று தனிப்பெயரே உண்டு. மாடுகளுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் என்ற வலி மருந்து, செத்த மாட்டைத் தின்ற பாறுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்து, 1990-களில் இந்தியா முழுக்க அவற்றைக் கொன்று குவித்தது. 2006-ல் கால்நடைகளுக்கு அந்த மருந்து தடை செய்யப்பட்டது. தமிழ்நாட்டில் இன்று பாறுகளைப் பார்க்க நீலகிரி, முதுமலை பக்கம் மாயாறு பள்ளத்தாக்குக்குத்தான் போக வேண்டும்.

விருதுநகர்ச் சமவெளியில் சாதாரணமாகப் பார்க்கக்கூடியவர்கள் இவர்கள்:

செம்பருந்து: இதுதான் கருடன். வெள்ளைத் தலை, வெள்ளை மார்பு, செங்கல் நிற உடல். வால் நுனி வளைவாக இருக்கும். கண்மாய், அணைக்கட்டு பக்கம் தேடலாம்.

கரும்பருந்து: உடல் முழுக்கப் பழுப்பு. வால் நடுவில் வெட்டு விழுந்து கவட்டைபோல் இருக்கும். குஞ்சுப் பருவத்துக் கருடனும் பழுப்பாகத்தான் இருக்கும் என்பதால், நிறத்தை நம்பாமல் வாலைப் பாருங்கள்.

கருந்தோள் பருந்து: வெளிர் சாம்பல் உடல், தோளில் கறுப்புப் பட்டை, ரத்தச் சிவப்புக் கண். மின்கம்பியில் உட்கார்ந்திருக்கும். திடீரென எழுந்து காற்றில் ஒரே இடத்தில் சிறகடித்து நிற்கும். கீழே எலி, வெட்டுக்கிளி தெரிந்தால் இறங்கும். விவசாயிக்குச் சம்பளம் வாங்காத காவலாளி. ஓரிடத்தில் நிற்பதால், பறக்கும் படம் பழகுகிறவர்களுக்கும் இதுதான் முதல் வாத்தியார்.

வல்லூறு: புறா அளவுதான். ஊருக்குள்ளேயே புளியமரத்திலும் வேப்பமரத்திலும் இருக்கும். தவிட்டுக்குருவிகளும் அணில்களும் கூட்டமாகக் கத்தினால் பக்கத்தில் வல்லூறு இருக்கிறதா என்று பாருங்கள். கரிச்சான் சில நேரம் வல்லூறு மாதிரியே கத்தி ஏமாற்றும்!

பூனைப்பருந்து: குளிர்கால விருந்தாளி. அக்டோபர் வாக்கில் வந்து மார்ச், ஏப்ரலில் திரும்பும். இவரைப் பற்றிப் பின்னால் தனியாகப் பார்ப்போம்.

மேற்கே ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகத்தின் மலைச்சரிவில் கருங்கழுகும் கொண்டைப் பாம்புக்கழுகும் உண்டு. 2021-ல் அறிவிக்கப்பட்ட காப்பகம் அது. வனத்துறை அனுமதிக்கும் இடங்களோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

முதுகுக்குப் பின்னால் இரண்டு பேர்

எங்கே நிற்பது? "வெயில் முதுகுக்குப் பின்னால் இருக்கணும்" என்பது ஸ்டூடியோக்காரர்கள் எல்லோரும் சொல்வது. பறவைக்கு அது பாதிதான். காற்றும் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும்.

காரணம் இருக்கிறது. பறவை காற்றை எதிர்த்துத்தான் எழும்பும். காற்றை எதிர்த்துத்தான் இறங்கும். காற்றைப் பார்த்துத்தான் ஓரிடத்தில் நிற்கும். விமானமும் அப்படித்தான். காற்று உங்கள் முதுகிலிருந்து வீசினால் பறவையின் முகம் உங்கள் பக்கம் இருக்கும். இல்லையென்றால் வாலைத்தான் படம் எடுத்துக்கொண்டு வர வேண்டும்.

இதில் தென் மாவட்டங்களுக்கு இயற்கையே ஒரு அட்டவணை போட்டுக் கொடுத்திருக்கிறது. நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வருகிறது. காலை வெயிலும் கிழக்கே. அப்போது காலை நேரம் அருமை: கிழக்குக்கு முதுகு காட்டி நில்லுங்கள். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை மேல்காற்று மேற்கிலிருந்து அடிக்கும். மாலை வெயிலும் மேற்கே. அப்போது மாலை நேரம் அருமை: மலைக்கு முதுகு காட்டி நில்லுங்கள்.

இன்னொன்று, தரை. பறக்கும் பறவையின் அடிப்பக்கம் எப்போதும் நிழலில் இருக்கும். கறுத்த கரிசல் மண் வெளிச்சத்தை விழுங்கிவிடும். கண்மாய்த் தண்ணீரும் வெளிறிய மணலும் வெளிச்சத்தைத் திருப்பி மேலே அனுப்பும். குல்லூர்சந்தை, வெம்பக்கோட்டை போன்ற நீர்த்தேக்கக் கரைகளில் எடுத்த படத்தில் இறக்கையின் அடிப்பக்கக் கோடுகள் தெளிவாக வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கேமரா வைத்திருப்பவர்களுக்கு

மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் போகும் பருந்து ஒரு நொடியில் 10 மீட்டர் நகர்கிறது. ஷட்டர் 1/60 நொடி திறந்திருந்தால் அதற்குள் 16 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும், படம் இழுபடும். 1/2000 என்றால் அரை சென்டிமீட்டர்தான். சும்மா வட்டமடிக்கும் பருந்துக்கு 1/1250 போதும். சிறகடிக்கும் வல்லூறுக்கு 1/2500-க்கு மேல் போங்கள். ஐ.எஸ்.ஓ-வை ஆட்டோவில் விட்டுவிடலாம். கொஞ்சம் புள்ளி புள்ளியாக வந்தால் கம்ப்யூட்டரில் சரிசெய்துகொள்ளலாம். இழுபட்ட படத்தைச் சரிசெய்ய வழியில்லை.

ஃபோகஸைத் தொடர்ந்து பின்தொடரும் வகையில் வையுங்கள். பறவை வருவதற்கு முன்பே, அதே தூரத்தில் இருக்கும் ஒரு பனைமரத்தின் உச்சியில் ஒருமுறை ஃபோகஸ் செய்து வைத்துக்கொண்டால், பறவை உள்ளே வந்ததும் கேமரா தடுமாறாது.

வெளிறிய வானத்தைப் பார்த்தால் கேமரா 'வெளிச்சம் ரொம்ப இருக்கிறது' என்று நினைத்துப் படத்தை இருட்டாக்கும். கருடன் காக்காவாகிவிடும். அதனால் எக்ஸ்போஷர் அளவைப் பிளஸ் 1 வரை ஏற்றிவையுங்கள். பறவை மரத்துக்கோ மலைக்கோ முன்னால் இறங்கிவிட்டால் மறக்காமல் திரும்பக் குறையுங்கள். இல்லையென்றால் கருடனின் வெள்ளைத் தலை சுண்ணாம்படித்ததுபோல் ஆகிவிடும்.

உட்கார்ந்திருக்கும் பறவை எப்போது எழும்பும்? காற்றுப் பக்கம் திரும்பும். உடம்பை முன்னால் சாய்க்கும். பல நேரம் எச்சம் போடும். பாரத்தைக் குறைத்துக்கொள்கிறது! எச்சம் விழுந்தால் விரலைப் பட்டனில் வையுங்கள்.

போன் மட்டும் வைத்திருப்பவர்களுக்கு

கவலை வேண்டாம். முதலில், விரலால் இழுத்துப் பெரிதாக்குவதை நிறுத்துங்கள். போனில் தனி ஜூம் லென்ஸ் இருந்தால் அந்த அளவோடு நின்றுகொள்ளுங்கள். திரையில் பறவை மேல் விரலை அழுத்திப் பிடித்தால் ஃபோகஸ் பூட்டிக்கொள்ளும். பக்கத்தில் வரும் சூரியன் குறியைக் கொஞ்சம் மேலே தள்ளினால் பறவையின் நிறம் தெரியும். ஷட்டர் பட்டனை அழுத்திப் பிடித்தோ இழுத்தோ வரிசையாகப் பல படங்கள் எடுக்கும் வசதி பெரும்பாலான போன்களில் உண்டு. இருபதில் ஒன்று தேறினாலே வெற்றி. இல்லையென்றால் 4கே வீடியோ எடுத்து, அதிலிருந்து நல்ல காட்சியைத் தனிப்படமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் பைனாகுலர் இருந்தால் அதன் கண் வைக்கும் பக்கத்தில் போன் லென்ஸைப் பொருத்தி எடுத்துப் பாருங்கள். பறப்பதற்குச் சிரமம், மின்கம்பியில் உட்கார்ந்திருக்கும் கருந்தோள் பருந்துக்கு அருமை. பைனாகுலர் வழியாகவோ கேமராக் கண்ணாடி வழியாகவோ சூரியனை மட்டும் எந்தக் காரணம் கொண்டும் பார்க்கக் கூடாது. பார்வையே போய்விடும். பருந்து சூரியனைக் கடக்கும்போது அதை விட்டுவிடுங்கள். அடுத்த சுற்றில் திரும்ப வரும்.

எல்லோருக்கும் பொதுவான பயிற்சி ஒன்று உண்டு. காக்கா! பஸ் ஸ்டாண்டிலோ மொட்டைமாடியிலோ தினம் பத்து நிமிடம் பறக்கும் காக்காவைத் தொடர்ந்து எடுங்கள். முழங்கைகளை உடம்போடு ஒட்டிவைத்து, இடுப்பிலிருந்து திரும்புங்கள். பட்டனை அழுத்திய பிறகும் கையை நிறுத்தாதீர்கள். பந்தை அடித்த பிறகும் மட்டை சுழன்று முடிகிறதே, அதுபோல. காக்காவைப் பிடிக்கத் தெரிந்தவருக்குக் கருடன் தானாக வசப்படும்.

குண்டு இல்லாத துப்பாக்கி

பறக்கும் பறவையைத் தொடர்ச்சியாகப் படம்பிடிக்கும் ஆசை கேமராக் கம்பெனிகளுக்கு முன்பே பிறந்துவிட்டது. பிரான்ஸைச் சேர்ந்த உடலியல் அறிஞர் எத்தியன் ஜூல் மாரே, பறவை எப்படிச் சிறகடிக்கிறது என்று தெரிந்துகொள்ள 1882-ல் ஒரு கருவி செய்தார். பார்த்தால் துப்பாக்கி, உள்ளே குண்டுக்குப் பதில் சுழலும் புகைப்படத் தட்டு. விசையை அழுத்தினால் ஒரு நொடியில் 12 படங்கள். பறவை சாகாமல், அதன் பறத்தல் மட்டும் பிடிபட்டது. சினிமாவின் முன்னோர்களில் அந்தத் துப்பாக்கியும் ஒன்று.

நம் பக்கத்திலும் ஒருவர் இருந்தார். 1912-ல் திருநெல்வேலியில் பிறந்த மா. கிருஷ்ணன், நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். கைக்குக் கிடைத்த பாகங்களைக் கோத்துத் தானே உருவாக்கிய கேமராவுக்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயர் வைத்திருந்தார். கறுப்பு வெள்ளையில்தான் எடுத்தார். 1950-லிருந்து 1996-ல் மறையும் வரை ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் இயற்கையைப் பற்றித் தொடர்ந்து எழுதினார். தமிழில் அவர் எழுதியவை 'மழைக்காலமும் குயிலோசையும்' என்று புத்தகமாக வந்திருக்கின்றன. விலை உயர்ந்த கருவி இல்லையே என்று தயங்கும் கல்லூரிப் பிள்ளைகள் அவரைப் பற்றிப் படிக்கலாம்.

எடுக்கக் கூடாத படங்கள்

பிரிட்டனின் புகழ்பெற்ற பறவைப் புகைப்படக்காரர் எரிக் ஹோஸ்கிங், 1937-ல் ஒரு ஆந்தையின் கூட்டைப் படம் எடுக்கப் போனார். இருட்டில் தாய் ஆந்தை பாய்ந்ததில் ஒரு கண்ணை இழந்தார். அதற்குப் பிறகும் பறவைகள் மேல் அவருக்குக் கோபமில்லை. கடைசி வரை பறவைகளையே எடுத்தார். கூட்டுக்குப் பக்கத்தில் போனால் தாய்க்கு நம் நோக்கம் தெரியாது என்பதுதான் அந்தச் சம்பவம் சொல்வது.

ஆளுக்கு வரும் காயத்தைவிடக் குஞ்சுக்கு வரும் ஆபத்து பெரிது. ஆள் நிற்பதைப் பார்த்துத் தாய் ஒதுங்கினால், வெயிலில் முட்டை வெந்துபோகும். காக்கை குஞ்சைக் கொத்தும். ஆகவே கூடு தெரிந்தால் விலகி வாருங்கள். படத்தைப் போட்டாலும் இடத்தைப் போடாதீர்கள். போன் படத்தோடு சேர்ந்து இடக்குறிப்பும் போய்விடும் என்பதால், கேமரா செட்டிங்கில் லொகேஷனை அணைத்துவிடுங்கள்.

கோழிக்கழிவை வீசிப் பருந்துகளை வரவழைத்து எடுப்பது இன்னொரு பழக்கம். படம் நெருக்கமாக வரும். ஆனால், மனிதர் கையைப் பார்த்தால் இரை என்று பழகிய பருந்து, நாளைக்குப் பள்ளிக்கூடப் பிள்ளையின் கையில் இருக்கும் பண்டத்துக்கும் பாயும். உயிருள்ள எலியையோ குஞ்சையோ கட்டிப்போட்டு எடுப்பது கொடுமை. வனவிலங்குப் புகைப்படத்துக்கான பெரிய சர்வதேசப் போட்டிகளில் அப்படிப்பட்ட படங்களுக்கு இடமில்லை.

சிவகாசி வட்டாரத்துக்கென்று ஒரு எச்சரிக்கையும் உண்டு. பட்டாசு ஆலை அறைகளுக்கு நடுவே பாதுகாப்புக்காக விடப்பட்டிருக்கும் திறந்தவெளிக்கு மேல் பருந்துகள் சுற்றலாம். அதற்காக வேலி ஓரம் போய்ப் பெரிய லென்ஸை நீட்டினால் காவலாளி சும்மா இருக்க மாட்டார்; இருக்கவும் கூடாது. உள்ளே வேலை செய்கிறவர்களே போனை வெளியே வைத்துவிட்டுப் போகும் இடம் அது. டிரோன் வேண்டவே வேண்டாம். ஆலைக்கு அது பாதுகாப்புப் பிரச்னை. பருந்துக்கு அது எல்லைக்குள் நுழைந்த எதிரி.

வெடிச்சத்தமும் விருந்தாளியும்

பக்கத்துச் சிவகங்கை மாவட்டத்தில் கொள்ளுக்குடிப்பட்டி என்றொரு ஊர். வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தை ஒட்டியிருக்கிறது. கண்மாய்க்கு வரும் நாரைகளும் கொக்குகளும் மிரளக் கூடாது என்று, அந்த ஊர் மக்கள் பல பத்தாண்டுகளாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. சட்டம் போட்டு வந்த கட்டுப்பாடு அல்ல. ஊரே எடுத்த முடிவு. பட்டாசு செய்து பிழைக்கும் ஊரும் பட்டாசு வெடிக்காத ஊரும் அடுத்தடுத்த மாவட்டங்களில்!

பறவைகள் உண்மையிலேயே மிரள்கின்றனவா? நெதர்லாந்தில் ஆய்வாளர்கள் வானிலை ராடாரில் புத்தாண்டு இரவைப் பார்த்தார்கள். 2011-ல் வெளியான அந்த ஆய்வில், நள்ளிரவு வாணவேடிக்கை தொடங்கியதும் ஆயிரக்கணக்கான பறவைகள் தூக்கத்திலிருந்து கிளம்பி 500 மீட்டர் உயரம் வரை பறந்தது பதிவாகியிருக்கிறது.

தீபாவளி வரும் ஐப்பசியில்தான் பூனைப்பருந்துகளும் வந்து இறங்குகின்றன. சிவகாசியில் லட்சக்கணக்கானவர்களின் அடுப்பு பட்டாசை நம்பித்தான் எரிகிறது என்பதை மறந்துவிட்டு யாரும் பேச முடியாது. செய்யக்கூடியது சின்ன விஷயம்தான்: வெடியை ஊருக்குள், அரசு சொன்ன நேரத்துக்குள் வெடித்துவிட்டு, பறவைகள் அடையும் கண்மாயையும் புல்வெளியையும் ராத்திரியில் விட்டுவைப்பது.

தரிசு என்று பெயர்

இனி அந்தப் பூனைப்பருந்து. மத்திய ஆசியப் புல்வெளிகளில் கூடு கட்டும் பறவை இது. குளிருக்குப் பயந்து நாலாயிரம் கிலோமீட்டருக்கு மேல் பறந்து தென்னிந்தியாவுக்கு வருகிறது. மற்றப் பருந்துகள்போல் உயரத்தில் வட்டமடித்துத் தேடாது. இறக்கைகளை லேசாக மேல்நோக்கி உயர்த்திப் பிடித்தபடி, புல்லுக்கு ஓராள் உயரத்தில், மெதுவாகத் தடவிக்கொண்டே போகும். ஆந்தைபோல் வட்டமான முகம். புல்லுக்குள் சலசலக்கும் சத்தத்தைக் காதால் கேட்டே இரையைப் பிடிக்கும். வெட்டுக்கிளி என்றால் உயிர்.

இரவில் இவை மரத்தில் அடைவதில்லை. புல்தரையில்தான் படுக்கை. குஜராத்தின் வேளாவதரில் நூற்றுக்கணக்கில் ஒன்றாக அடைவதைப் பார்க்க உலகம் முழுவதிலுமிருந்து ஆட்கள் வருகிறார்கள். தென் மாவட்டங்களிலும் ஏட்ரீ ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் பூனைப்பருந்துகளைப் பல ஆண்டுகளாகத் தொடர்ந்து கவனித்து வருகிறார்கள்.

சிக்கல் என்னவென்றால், இவை தேடிவரும் நிலத்துக்கு ஆவணங்களில் 'தரிசு' என்று பெயர். காடு என்றால் காப்பாற்ற வனத்துறை வரும். வயல் என்றால் விவசாயி இருப்பார். தரிசுக்கு யாருமில்லை. பிளாட் போடவும், தொழிற்சாலை கட்டவும், சூரியமின் தகடு பரப்பவும் முதலில் கண்ணில் படுவது அதுதான். அண்டை ராமநாதபுரம் மாவட்டத்தின் கமுதியில் 2016-ல் தொடங்கிய 648 மெகாவாட் சூரியமின் நிலையம் ஒன்றே சுமார் 2,500 ஏக்கரில் விரிந்திருக்கிறது. மின்சாரமும் வேண்டும், வேலையும் வேண்டும். ஆனால், 'அங்கே ஒன்றுமே இல்லை' என்ற பேச்சு மட்டும் உண்மையில்லை.

அதை நிரூபிக்க ஒரு படம் போதும். பெண் பூனைப்பருந்துகளில் ஒரு வகைக்கும் இன்னொரு வகைக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது நிபுணர்களுக்கே கஷ்டம். இறக்கையின் அடிப்பக்கப் பட்டைகளையும் கழுத்தைச் சுற்றியுள்ள நிறத்தையும் வைத்துத்தான் சொல்ல முடியும். பறந்துபோகும் பறவையில் அதைக் கண்ணால் பிடிப்பது அரிது. படத்தில் நிதானமாகப் பார்க்கலாம். தேதி, இடத்தோடு அந்தப் படத்தை இ-பேர்ட் தளத்தில் ஏற்றினால் அது பதிவாகிவிடும். நாளை யாராவது 'இந்தப் பொட்டலில் என்ன இருக்கிறது?' என்று கேட்டால் காட்டுவதற்கு ஒன்று இருக்கும்.

ஒரே நிபந்தனை: மாலையில் அடையும் இடத்துக்குள் நடக்கக் கூடாது. இருட்டில் ஒருமுறை கலைந்த பறவை, வேறிடம் தெரியாமல் அலையும். வண்டியை ரோட்டோரம் நிறுத்தி, வண்டிக்குள் இருந்தபடியே எடுங்கள். ஆளைக் கண்டு விலகும் பறவைகள் வண்டியைக் கண்டு அவ்வளவாக மிரள்வதில்லை.

இந்த வாரம் செய்து பாருங்கள்

1. வீட்டு மொட்டைமாடியில் காலை ஒன்பது மணிக்குப் பத்து நிமிடம் நின்று, வட்டமடிக்கும் பறவையின் வாலைப் பாருங்கள். வளைவா, கவட்டையா?

2. பக்கத்து மின்கம்பியில் கருந்தோள் பருந்து உட்காரும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். அதே கம்பத்துக்குத் திரும்பத் திரும்ப வரும். மூன்று நாள் சும்மா பாருங்கள். நான்காம் நாள் கேமரா எடுங்கள்.

3. காக்காவை நூறு படம் எடுத்து, அதில் கண் தெளிவாகத் தெரியும் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

4. 2015-லிருந்து பொங்கல் விடுமுறையில் பறவை ஆர்வலர்கள் தமிழ்நாடு முழுக்கப் 'பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு' நடத்துகிறார்கள். பதினைந்து நிமிடம் பார்த்து, எண்ணி, இ-பேர்டில் பதிந்தால் போதும். பேரன், பேத்திகளோடு தாத்தா, பாட்டிகளும் கலந்துகொள்ளலாம். எந்தக் கிளையில் எது உட்காரும் என்று பிள்ளைகளைவிட அவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

அன்றைக்கு ஊருக்கு வெளியே இருக்கும் தரிசுப் பக்கம் ஒரு நடை போய்வாருங்கள். புல்லைத் தடவிக்கொண்டு ஒரு பூனைப்பருந்து வரலாம். படம் கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை, அழித்துவிடாதீர்கள். கஜகஸ்தானிலிருந்து வந்த விருந்தாளி உங்கள் ஊரில் தங்கினார் என்பதற்கு அதுதான் சாட்சி.